ராஜாமணியும் கடைசி வரிசையின் நான்கு பிள்ளைகளும்

வெள்ளறடையில் ஒரு ரப்பர் தோட்டத்து வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, ஒரு அம்மா தன் முட்டுவலியைப் பற்றிச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது லதாவின் அழைப்பு வந்தது. லதா பாறசாலையில் ஆஷா பணியாளர். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கவனிக்கிறவள். எப்போது போன் செய்தாலும் முதலில் சாப்பாட்டைத்தான் விசாரிப்பாள். அன்று விசாரிக்கவில்லை. "டீச்சரே, நம்மட ராஜாமணி போயி" என்றாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து பாசி கோர்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே கண்ணை மூடிவிட்டாளாம். மாரடைப்பு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு அரைமணி நேரம் முன்புதான் குழாயடியில் ஒருத்தியோடு சண்டை போட்டு ஜெயித்திருக்கிறாள். லதா இதையும் சொன்னபோது, அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சண்டையில் தோற்றிருந்தால் ராஜாமணி அன்று போயிருக்க மாட்டாள். மறுநாள் ஜெயித்துவிட்டுத்தான் போயிருப்பாள்.

பாறசாலை, திருப்புறம், நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் எங்களோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் அவளை அறிவீர்கள். முறைப்படி நான் இங்கே 'அவர்' என்று எழுத வேண்டும். எட்டு வருடம் வா, போ என்று பேசிப் பழகியவளை, செத்த மறுநாளே மரியாதை கொடுத்துத் தள்ளி உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எல்லைக்குக் கேரளப் பக்கமுள்ள பாறசாலை ரயில் நிலையத்துக்குத் தெற்கே, தண்டவாளத்துக்கும் ஒரு மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்கும் இடையில் நான்கு வரிசையாக வீடுகள் உண்டு. பாசிமணி, ஊசி, சீப்பு, பலூன் என்று ரயிலிலும் திருவிழாவிலும் விற்று வாழ்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு மொழி, எங்களிடம் தமிழ், பஸ் ஸ்டாண்டில் மலையாளம் என்று பேசுவார்கள். ஊரார் அவர்களைக் கூப்பிடுகிற பெயர்கள் எதுவும் ராஜாமணிக்குப் பிடிக்காது. எங்கள் ஆய்வறிக்கையில் என்ன பெயர் போடுவது என்று கேட்டபோது, "எங்க ஆளுகன்னு போடு. வாசிக்கறவனுக்கு வேணும்னா வந்து கேக்கட்டு" என்றாள். அப்படியேதான் போட்டோம். இங்கேயும் அப்படியே விடுகிறேன்.

நான் பொது சுகாதார ஆய்வு செய்கிறவள். டீச்சர் இல்லை. ஆனால் கையில் நோட்டு வைத்திருக்கிற பெண்ணுக்கு இந்தப் பக்கத்தில் வேறு பெயர் கிடையாது. எட்டு வருடத்துக்கு முன்பு, அந்தக் குடியிருப்பின் உடல்நலத்தைப் பற்றி ஆராயக் கேள்வித்தாளோடு முதன்முதலில் அங்கே போனேன். எல்லோரும் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார்கள். தண்ணீர் காய்ச்சிக் குடிப்பீர்களா? ஆமாம். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டாச்சா? ஆமாம். கடைசியில் சந்தேகப்பட்டு, போன வருடம் நீங்கள் டெல்லிக்குப் போனீர்களா என்று ஒரு கிழவரிடம் கேட்டேன். அதற்கும் ஆமாம் என்றார்.

பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், மூக்குத்தி தெறித்துவிடும்போல் சிரித்தாள். அவள்தான் ராஜாமணி. "முன்ன ஒருத்தன் இதுபோல நோட்டோட வந்தான் டீச்சரே. கேட்டதுக்கெல்லாம் இல்ல இல்லன்னு உண்மையச் சொன்னோம். யாவாரத்துக்குப் போயி வீட்டில ஆளில்லாத வீட்டையெல்லாம் லிஸ்ட்ல இருந்து வெட்டிட்டான். ரேஷன் போச்சு. பிள்ளைகளுக்குக் குடுத்த மாவு போச்சு. பொறவு கேக்கப் போனா, நீங்க தமிழ்நாட்டுக்காருன்னு சொல்லுதாவ. களியக்காவிளைக்கு அப்புறம் போயிக் கேட்டா, நீங்க கேரளாக்காருன்னு சொல்லுதாவ. அதுனால இந்தத் தடவ எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிருவோம்னு தீர்மானம் ஆக்கும்."

வந்தது யார், எந்த அலுவலகத்திலிருந்து என்று கேட்டேன். அவர்கள் யாருக்கும் தெரியவில்லை. நோட்டு மட்டும் நினைவிருந்தது.

அன்றே அவள் என்னோடு பேரம் பேசினாள். பாசிமாலை விற்கிற அதே பேரம்தான். முதலில் போவதுபோல் எழுந்து, பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து. உண்மையான பதில் வேண்டுமென்றால் தன்னையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும், கேள்வி கேட்கிற இடத்தில் தானும் இருப்பாள் என்றாள். சரி என்றேன். "இன்னொண்ணு. எங்களப் பத்தி நீ என்ன எழுதினாலும் வெளிய குடுக்கறதுக்கு முன்ன, எங்க எல்லாரு முன்னாலயும் நின்னு வாசிக்கணும். வாசிக்காம ஒரு தாளும் இஞ்சேந்து போவப்படாது." அதற்கும் சரி என்றேன். ஆய்வு முறைகளைப் பற்றி நான் பாஸான தேர்வு எதிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவள் மறைக்கவில்லை. ஒரு நர்ஸ். மாதத்துக்கு இரண்டு நாளாவது குடியிருப்புக்கே வந்து பார்க்கிற நர்ஸ். ஆஸ்பத்திரிக்குப் போனால் தங்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள், டோக்கன் எடுத்தாலும் கடைசியில்தான் கூப்பிடுகிறார்கள், அதனால் பாதிப்பேர் போவதே இல்லை என்று சொன்னாள். எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் பஞ்சாயத்து அதைத் தீர்மானிக்கும் என்று ஏற்பாடு. ஆகவே அந்த அறிக்கைதான் அவளுக்கு எல்லாம்.

சேர்ந்த மறுவாரம் அடையாள அட்டைக்கு வயது கேட்டேன். தெரியாது என்றாள். சுமாராகச் சொல்லு என்றேன். "ஒனக்கு எத்தனை?" என்று கேட்டாள். முப்பத்தெட்டு என்றேன். "அப்ப எனக்கும் அதுதான். எழுது" என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் என் பிறந்தநாளுக்கு அவளுக்கும் ஒரு வயது கூடியது. நான் கேக் வாங்கினால் பாதியைத் தன் பங்கு என்று எடுத்துக்கொண்டு போவாள். முதல் வருடமே மறந்துபோய் வாங்காமல் விட்டதற்கு, "இந்த வருஷம் நமக்கு வயசு கூடல்லியா மக்கா?" என்று எல்லோர் முன்பும் கேட்டாள். அந்த மக்காவும் அந்த வருடத்தில்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

வேலையில் அவள் கெட்டிக்காரி. கேள்வித்தாளில் 'கடந்த ஒரு மாதத்தில் உடல்நலக் குறைவு ஏற்பட்டதா' என்று ஒரு கேள்வி இருந்தது. முதல் வரிசை முழுக்க இல்லை என்றார்கள். அவர்களில் ஒருத்தி காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டே இல்லை என்றாள். நான் வழக்கம்போல் அதையும் எழுதினேன். திரும்பி வரும்போது ராஜாமணி என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; ஆனாலும் அந்தக் கேள்வி எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாள்.

"இது சரியில்ல. எங்களுக்கு, கெடையில படுத்தாத்தான் தீனம். எழும்பி யாவாரத்துக்குப் போயிட்டா அது தீனம் இல்ல. சளியோட போவா, ரத்தம் போய்க்கிட்டே போவா. கேட்டா சுகமா இருக்கேம்பா."

"பின்ன எப்படிக் கேக்க?"

"நேத்து எத்தனை வண்டி ஏறினன்னு கேளு. முந்தி எத்தனை ஏறுவன்னு கேளு. அஞ்சு ஏறினவ ரெண்டு ஏறினா, என்னவோ உண்டுன்னு அர்த்தம்."

அப்படித்தான் மாற்றினோம். அதன் பிறகு கிடைத்த பதில்களைப் பார்த்துவிட்டு எங்கள் நிறுவனத்தில் ஒரு மூத்தவர், இந்தக் கேள்வியை யார் வடிவமைத்தது என்று கேட்டார். நாங்கள் என்று சொன்னேன். பொய் இல்லை, ஆனால் 'ராஜாமணி' என்று சொல்லியிருக்க வேண்டும். அதை இப்போது சொல்கிறேன்.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை. ஆனால் அவளைப் பற்றி எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால், அவள் எழுந்து வந்து ஏசுவாள்.

பிள்ளைகளின் எடையைப் பார்க்க ஆரம்பித்தோம். அங்கே காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரைதான் ஆட்கள் இருப்பார்கள். ஆகவே வாரா வாரம் செவ்வாய்க்கிழமை, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு வீடு என்று வைத்துக்கொண்டோம். அந்தக் குடியிருப்புக்கு அப்போது புதியவளான லதா பிள்ளையைத் தராசில் நிறுத்தி எடையைச் சொல்வாள், நான் எழுதுவேன், ராஜாமணி அடுத்த பிள்ளையைக் கூட்டி வருவாள். நான்கு செவ்வாயில் வேலை முடிந்தது. கடைசி வரிசையில் நான்கு வீடு, நான்கு பிள்ளைகள். நான்கும் மிகவும் மெலிந்திருந்தன. மற்ற வரிசைகள் பரவாயில்லை. கடைசி வரிசைக் குடும்பங்களுக்குச் சாப்பாடு போதவில்லை, சத்துமாவு கொடுக்க வேண்டும், நர்ஸ் வர வேண்டும் என்று அறிக்கை எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன். நானே இரண்டு தடவை வாசித்து ரசித்தேன்.

பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில், பேரத்தில் ஒத்துக்கொண்டபடி குடியிருப்பில் நின்று அதை வாசித்தேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையின் நான்கு பிள்ளைகள் என்று நான் சொன்ன இடத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் அதைக் கவனித்தேன். என் எழுத்து மனதைத் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று பிற்பகல் ராஜாமணி என் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக உள்ளே வந்ததும் அடுக்களைக்குப் போய் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். அன்று வாசலிலேயே நின்றாள்.

"மக்கா, அந்தக் கடைசி வரிசையில நாலு பிள்ளை இல்ல. ஒண்ணுதான்."

எனக்குப் புரியவில்லை.

"மத்த மூணு வீட்டுப் பிள்ளைகளும் அப்பன்மாரோட திருவிழா யாவாரத்துக்குப் போயிருந்துது. வீட்டில பிள்ளை இல்லன்னா பேரை வெட்டிருவாவன்னு பயம். மல்லிகாக்க மக செல்வி மட்டும் எங்கயும் போகாம வீட்டில கெடந்துது. அவளத்தான் நாலு வீட்டுக்கும் மாறி மாறி நிறுத்தினோம். ஒரு வாரம் பாவாடை, ஒரு வாரம் சட்டை. பேரு வேற வேற சொல்லிக் குடுத்தோம்."

"ஒனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியுமாவா? நான்தான சொன்னேன் அப்பிடிச் செய்யச் சொல்லி."

நான் சத்தம் போட்டேன். நல்ல சத்தம், அடுத்த வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். எட்டு மாத வேலை, நாளைய கூட்டம், என் பெயர், நிறுவனத்தின் பெயர் என்று எதையெல்லாமோ சொன்னேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அவள் நிதானமாகக் கேட்டாள்: "நாலு வாரம் அதே பிள்ளை ஒன் முன்னால வந்து நின்னுது. நீ ஏன் கண்டுபிடிக்கல்ல?"

அதற்கு நான் இன்று வரை பதில் சொன்னதில்லை. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். அதுதான் பதில்.

"எங்க பிள்ளைகள் எல்லாம் ஒனக்கு ஒண்ணுபோலத்தான இருக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

பிறகு நான் செய்தது இதைவிட மோசம். போகட்டும் விடு, நாலு வரிதானே, அதனால் ஒன்றும் மாறப்போவதில்லை, நர்ஸ் வந்தால் போதாதா உனக்கு என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் இவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லி எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள் என்றும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாததா? என்னைவிட நன்றாகத் தெரியும். இழக்கப்போகிறவளே அவள்தான்.

அவள் உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "நானும் அப்பிடித்தான் நெனச்சேன். வாயை மூடிட்டு இருந்திரலாம்னு. ஆனா நீ இன்னைக்கு வாசிச்சியே, அதக் கேட்டப்பந்தான் எனக்கு வெளங்கிச்சு. நாலு வீட்டில நாலு பிள்ளை மெலிஞ்சிருக்குன்னா, என்ன சொல்லுவ? சோறு பத்தல்ல, மாவு குடுன்னு சொல்லுவ. எழுதியும் வச்சிருக்க. ஆனா அந்த வரிசையில சோறு உண்டு மக்கா. மத்த மூணும் கொழுத்துப்போய் ஓடி நடக்குது. இது ஒண்ணுதான் மெலியுது. அப்பம் இது சோத்துத் தீனம் இல்ல. வேற என்னமோ. நாம நாலாப் பிரிச்சு எழுதினதுல அந்தப் பிள்ளைக்க தீனம் காணாமப் போச்சு."

நான் நோட்டை எடுத்தேன். நான்கு பெயர்கள் நான்கு பக்கங்களில் இருந்தன. அவற்றைத் தேதிப்படி ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். முதல் செவ்வாயைவிட இரண்டாம் செவ்வாய் எடை குறைவு. அதைவிட மூன்றாவது குறைவு. நான்காவது இன்னும் குறைவு. ஒரு மாதமாக அந்தப் பிள்ளை என் கண் முன்னால் வாரா வாரம் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறது, நானே என் கையால் அதை எழுதியும் இருக்கிறேன். தாளை ராஜாமணியிடம் காட்டி, ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. எழுந்து, "ஆட்டோவைக் கூப்பிடு" என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் செல்வியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான்கு வயதுப் பிள்ளை, மடியில் வைத்திருந்தபோது கனமே தெரியவில்லை. காசநோய் என்று பரிசோதனையில் தெரிந்தது. வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள் தாய் மல்லிகா. ராஜாமணி குறுக்கே பாய்ந்தாள்: "முந்தி நீ எத்தனை வண்டி ஏறுவ? இப்பம் எத்தனை ஏறுத?" மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். இருமலோடுதான் ஆறு மாதமாக ரயிலில் பாசி விற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே நோய். இரண்டு பேருக்கும் மருந்து தொடங்கினார்கள். இரண்டு பேரும் முழுமையாகக் குணமானார்கள். கவலைப்படாமல் மேலே வாசியுங்கள்.

மறுநாள் பஞ்சாயத்துக் கூட்டம். நான் பேசுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ராஜாமணி எழுந்துவிட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். யார் சொல்லி நடந்தது என்பதையும் சொன்னாள். ஹாலில் சலசலப்பு. ஒரு உறுப்பினர், "இவரு பறயுன்னது இனி எங்ஙன விஸ்வசிக்கும்?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். அவளைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை.

"விஸ்வசிக்க வேண்டாம் சாறே" என்றாள் ராஜாமணி. "நாங்க சொல்லுதத நம்பவே வேண்டாம். அதுக்குத்தான ஒரு நர்ஸ் வேணும்னு கேக்கோம். அவிய வந்து கண்ணால பாத்துச் சொல்லட்டு. அவிய சொன்னா நம்புவிய இல்லா?"

பஞ்சாயத்துத் தலைவர்தான் முதலில் சிரித்தார். கேட்ட உறுப்பினரும் சிரித்துவிட்டார் என்பதைச் சொல்ல வேண்டும்; கெட்ட மனிதர் இல்லை. மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை நர்ஸ் வருவதென்று தீர்மானமாயிற்று. வீட்டில் ஆள் இல்லை என்பதற்காக எந்தப் பெயரையும் வெட்டக்கூடாது என்று ஒரு வரியும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தார்கள்.

நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்தேன். குடியிருப்பில் அப்படி நினைக்கவில்லை. ஊர்க்காரர்கள் முன்னால் தங்களை ஏமாற்றுக்காரர்கள் ஆக்கிவிட்டாள் என்று கடைசி வரிசை முழுக்க அவளோடு பேச்சை நிறுத்தியது. மற்ற வரிசைகளும் அவர்கள் பக்கம் சேர்ந்தன. அவள் குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அவளோடு பிறந்த தங்கையே பேசவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, நான் போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன். "நீ போனா நோட்டை எடுத்துருவ. சும்மா இரி" என்றாள். முதல் செவ்வாய் நர்ஸ் வந்தபோது, ராஜாமணி மட்டும் தனியாக ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்திருந்தாளாம். ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. பிறகு மல்லிகா செல்வியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். மத்தியானத்துக்குள் வரிசையில் இடத்துக்குச் சண்டை வந்து, ராஜாமணி எல்லோரையும் ஏசி ஒழுங்குபடுத்தினாள். ஏச்சு வாங்கியவர்கள் திருப்பி ஏசினார்கள். அதோடு பேச்சும் திரும்பி வந்துவிட்டது.

திருவனந்தபுரத்தில் ஒரு கருத்தரங்குக்கு அவளை அழைத்துப் போனதை உங்களில் சிலர் நினைவு வைத்திருப்பீர்கள். நாள் முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். கடைசியில் ஒருவர், சமூகத்தின் பிரதிநிதியாக உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று மரியாதையாகக் கேட்டார். "ரொம்ப நேரமா ஒக்காந்தே இருக்கிய எல்லாரும். நடுவு வலிக்கும். அதப் பத்தி யாராவது ஆராய்ச்சி பண்ணுங்க" என்றாள். அதற்கு முன்பே தேநீர் இடைவேளையில் இரண்டு பேராசிரியைகளுக்குப் பாசிமாலை விற்றுவிட்டிருந்தாள். அவர்கள் அதைப் போட்டுக்கொண்டே அடுத்த அமர்வுக்குத் தலைமை தாங்கினார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நெய்யாற்றின்கரை வரை சிரித்தாள், பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

கடைசி இரண்டு வருடங்களில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டாள். இனிப்பையும் சரியாகச் சாப்பிட்டாள். அவள் குறையோடு போகவில்லை. கேட்டது கிடைத்தது, கிடைத்ததைக் கண்ணால் பார்த்தாள், எல்லோரையும் ஏசித் தீர்த்தாள். இப்படிப் போக எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது? வருத்தம் எனக்குத்தான்.

அடக்கம் மறுநாள் காலையில் நடந்தது. நர்ஸ் தன் விடுமுறை நாளில் வந்திருந்தார். எல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது தங்கை என்னிடம் வந்து, "டீச்சரே, அக்கா இல்லன்னு எழுத்து நிக்கப்படாது. ஒன் கூட நடக்க நாங்க வாறோம். பேரை எழுதிக்கோ" என்றாள். நான்கைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கப் பையிலிருந்து நோட்டை எடுத்துக் குனிந்து எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெயராக வந்தது. எதிரில் இன்னும் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. பாவாடை நுனி மட்டும் கண்ணில் பட்டது.

"பேரு சொல்லு" என்றேன்.

பதில் வரவில்லை. நிமிர்ந்தேன். கட்டன் சாயா நிறைந்த டம்ளரோடு ஒரு பெண்பிள்ளை. பன்னிரண்டு வயது இருக்கும். நல்ல உயரம். எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது, யாரென்று தெரியவில்லை.

"நான் செல்வியாக்கும் டீச்சரே" என்றாள். பிறகு, சொல்லலாமா கூடாதா என்று யோசிப்பதுபோல் அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ராஜாமணி அத்தை எப்பவும் சொல்லும். டீச்சரு பேனாவ எடுத்தா, நீ பேரச் சொல்லாத. அவளுக்க தலை நிமிரட்டும், அது வர நில்லுன்னு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். ஐந்தாவது முறையும் அந்தப் பிள்ளையை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

ராஜாமணியிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், இதுதான். நான் இன்னும் சரியாகப் பார்க்கப் பழகவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் நிமிரும் வரை விடாமல் எதிரில் நிற்க ஆட்களையும் அவள் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறாள். நோட்டை மூடிவைத்துவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டேன். செல்வியின் முகத்தைப் பார்த்தேன். அம்மாவின் ஜாடை, இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு, நன்றாகச் சதை பிடித்த கன்னம். அவளுக்கு வெட்கம் வந்து ஓடிப்போகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.